ஒரு தரம் நான், இரண்டு தரம் அவன்

திருச்சி,
பிப்ரவரி 11

அன்புள்ள மன்னிக்கு,

மைத்ரேயியின் நமஸ்காரம். நான் சௌக்கியம். லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் வேலை ஒருத்திக்கு எவ்வளவு சௌக்கியம் விட்டுவைக்குமோ அவ்வளவு. உங்கள் முழங்கால் வலியும் அண்ணாவின் சர்க்கரையும் எந்த மட்டில் இருக்கின்றன?

காவிரிக்கு இந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கரைக்குத் தபால் போடுகிறாளே, இவளுக்கு என்ன பைத்தியமா என்று தோன்றும். காலேஜில் பாடம் எடுத்து முடித்துச் சாயங்காலத்துக்கு மேல்தான் எனக்கு மூச்சு விட நேரம். அப்போது உங்கள் போன் எப்போதும் எங்கேஜ்டு. பகலில் கூப்பிட்டால் அண்ணா எடுக்கிறான், எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போடுகிறான். இது ஸ்பீக்கரில் போடுகிற விஷயம் இல்லை.

அச்யுத் முதல் இன்டர்னல் பரீட்சையில் பிசியாலஜியிலும் அனாடமியிலும் ஃபெயில். உங்களிடம் சொன்னானா? இன்னும் இரண்டு இன்டர்னல் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் போதிய மார்க் வராவிட்டால் யுனிவர்சிட்டி பரீட்சை எழுத உட்காரவே விடமாட்டார்கள். ஒரு வருஷம் போய்விடும். ஸ்கூலில் முதல் மார்க் தவிர வேறு எதையும் பார்க்காத பிள்ளை, ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி முதல் வருஷம் படிக்க வேண்டும். அவன் அதைத் தாங்குவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஃபெயிலான பிள்ளைகளுக்கு 'எப்படிப் படிப்பது' என்று வாரத்துக்கு இரண்டு வகுப்பு எடுக்கச் சொல்லி எங்கள் பிசியாலஜி டிபார்ட்மென்ட் தலைவர் மீட்டிங்கில் கேட்டார். மற்றவர்கள் எல்லோரும் சட்டென்று செல்போனைப் பார்த்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். என் தலையில் கட்டிவிட்டார். அச்யுத்தும் என் வகுப்பில்தான் இருக்கிறான்.

இன்னொன்று. தினமும் சாயங்காலம் அவன் போனோடு எங்கேயோ போய்விடுகிறானாம், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுகிறானாம். பையன்கள் கிண்டல் செய்கிறார்கள், 'ஆள் இருக்கு' என்று. இருந்தால் இருக்கட்டும், வயசு அப்படி. ஆனால் இந்த வருஷம் வேண்டாம். நான் கேட்டால் அத்தை வேவு பார்க்கிறாள் என்பான். நீங்கள் பக்குவமாகக் கேளுங்கள்.

பதில் போடுங்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தங்கள்
மைத்ரேயி


ஸ்ரீரங்கம்,
பிப்ரவரி 17

அன்புள்ள மைத்ரேயிக்கு,

வத்ஸலா அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. உன் அண்ணா சர்க்கரையைப் பற்றிக் கேட்டால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அச்யுத் மார்க்கைச் சொன்னான். புது இடம், டாக்டர் படிப்புக்கென்று ஒரு புது பாஷை, சரியாகிவிடும். ஐந்து வயதில் திருப்பாவை முப்பதையும் மூச்சு விடாமல் சேவித்த குழந்தை. என் அப்பா எனக்குச் சொல்லிவைத்த மாதிரி நான் அவனுக்குச் சந்தை சொல்லிவைத்தேன். நான் ஒரு தரம் சொல்வேன், அவன் இரண்டு தரம் திருப்பிச் சொல்வான். மூன்றாம் தரம் தேவைப்பட்டதே இல்லை. அந்த ஞாபகசக்தி எங்கே போய்விடும்?

நீ நினைக்கிற மாதிரிப் பெண் யாரும் இல்லை. அந்தக் கவலையை விட்டுவிடு. சாயங்காலம் அவன் படிக்கிற நேரம், அப்போது அவனைத் தேடிக்கொண்டு போகாதே. நாலு பேர் நடுவில் அத்தை என்ற உரிமையில் அவனைக் கண்டிக்கவும் கண்டிக்காதே.

நார்த்தங்காய் உப்பில் போட்டிருக்கிறேன். உன் அண்ணாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

வத்ஸலா


திருச்சி,
மார்ச் 4

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். நார்த்தங்காய் வந்தது. பாதியை ஹாஸ்டல் பெண்களே முடித்துவிட்டார்கள், அவர்கள் சார்பிலும் ஒரு நமஸ்காரம். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அங்கே எப்படி?

வகுப்பு தொடங்கிவிட்டது. எப்படிப் படிப்பது என்று எனக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு வாரம் உட்கார்ந்து அதைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் போனேன். முதல் நாளே மருங்காபுரியிலிருந்து வந்திருக்கும் பானுப்ரியா என்ற பெண் எழுந்து கேட்டாள்: "மேம், நீங்க படிக்கிறப்போ இப்படித்தான் படிச்சீங்களா?" இல்லை என்று ஒப்புக்கொண்டேன். "அப்ப சரிங்க மேம், சேர்ந்தே கத்துக்குவோம்" என்று உட்கார்ந்துவிட்டாள். தமிழ் மீடியத்தில் படித்தவள். விஷயம் புரிந்துவிடுகிறது, இங்கிலீஷில் எழுத வரவில்லை.

பிராங்க்ளின் என்று ஒரு பையன். அவன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன், ஒரு வரி விடாமல் மஞ்சள் பேனாவால் பூசியிருக்கிறான். "முக்கியமானதுக்குத்தானேடா கலர் அடிக்கணும்?" என்றேன். "எல்லாமே முக்கியம்னு தோணுது மேம்" என்கிறான். பாவம், பயம். பேனாக்களைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டேன்.

நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பக்கம் படி, புத்தகத்தை மூடு, வெள்ளைத்தாளில் ஞாபகம் வருவதை எழுது, விட்டதைத் திறந்து பார். நாளைக்கு ஒரு தரம், சில நாள் கழித்து இன்னொரு தரம். மறுபடி மறுபடி வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடினால்தான் வண்டவாளம் வெளியே வரும். எல்லோருக்கும் இது எரிச்சலாக இருக்கிறது. தெரியாது என்று தாளில் பார்ப்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

அச்யுத் தாளைப் பார்த்துத்தான் எனக்குத் தலை சுற்றியது. உட்கார்ந்திருப்பவன் சட்டென்று எழுந்தால் நாடித்துடிப்பு ஏன் கூடுகிறது? இதுதான் கேள்வி. அவன் இருதயம் எங்கே இருக்கிறது, எத்தனை அறை என்று ஆரம்பித்தான். வரி பிசகாமல் புத்தகம். கேள்விக்கான பதிலுக்கு இன்னும் நாலு பக்கம் இருக்கும்போது நேரம் முடிந்துவிட்டது. வாயால் கேட்டுப் பார்த்தேன். உதடு அசைகிறது, முதல் வரியிலிருந்து ஓட்டிக்கொண்டு வருகிறான். அடுத்த வீட்டுக்குப் போகக்கூட ராஜகோபுரத்திலிருந்துதான் நுழைவேன் என்கிறவன் மாதிரி. படிக்காத பிள்ளை இல்லை மன்னி, அத்தனையும் அவனுக்குள் இருக்கிறது. நடுவிலிருந்து எடுக்கத் தெரியவில்லை.

ஸ்கூலில் அவன் எப்படிப் படித்தான்? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தங்கள்
மைத்ரேயி


ஸ்ரீரங்கம்,
மார்ச் 14

அன்புள்ள மைத்ரேயிக்கு,

ஆசீர்வாதம். வெயில் இங்கேயும் குறைவில்லை, வீதியில் காலை வைக்க முடியவில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் எப்படிப் படிக்குமோ அப்படித்தான் அவனும் படித்தான். இதில் விசேஷமாக எழுத என்ன இருக்கிறது?

பங்குனி உத்திரம் சேர்த்தி சேவைக்கு இந்த வருஷமாவது வந்து சேர். தாயாரும் பெருமாளும் சேர்ந்திருக்கிறதைச் சேவிக்க உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வருகிறார்கள், உனக்கு ஆற்றைத் தாண்ட முடியவில்லை. ஜீயபுரத்திலிருந்து உன் அண்ணாவின் சிநேகிதர் ஒரு தார் வாழைப்பழம் அனுப்பினார். எல்லாம் ஒரே நாளில் பழுத்துவிட்டது, வீதி முழுக்க விநியோகம் செய்தேன்.

நேற்றும் முந்தாநாளும் நீ கூப்பிட்டாயாம். பேசிக்கொண்டிருந்தேன். அச்யுத்தை மட்டும் குறை சொல்லாதே. உங்கள் புத்தகத்திலேயே அந்த இருதய அத்தியாயத்தை ரொம்பச் சுற்றி வளைத்துத்தான் எழுதியிருக்கிறது. யாருக்கானாலும் குழப்பம் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வத்ஸலா


திருச்சி,
மார்ச் 28

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். க்ஷேமம் விசாரிக்க இன்று பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

அந்த இருதய அத்தியாயம் சுற்றி வளைக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் அதையே யோசித்தேன். நேற்றுச் சாயங்காலம், நீங்கள் போகாதே என்று எழுதியும், அவனைத் தேடிக்கொண்டு போனேன்.

லைப்ரரி மொட்டைமாடிப் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கண்ணை மூடியிருந்தான். போன் மடியில். உங்கள் குரல்.

'ஸ்ட்ரோக் வால்யூம்' என்று ஆரம்பித்து ஒரு வாக்கியம் வாசித்தீர்கள். அவன் இரண்டு தரம் சொன்னான். அடுத்த வாக்கியம். இரண்டு தரம். 'வெண்ட்ரிக்கிள்' என்கிற இடத்தில் உங்கள் குரல் கொஞ்சம் ஏறி இறங்கியது, அவன் குரலும் அதே இடத்தில் ஏறி இறங்கியது. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக இருந்தது. அவன் பார்ப்பதற்கு முன்னால் கீழே இறங்கி வந்துவிட்டேன். வரும்போது எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

இன்று காலை அவனைக் கேட்டேன். "ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்தே அப்படித்தான் அத்தை. தனியாப் படிச்சா ஒண்ணும் ஏற மாட்டேங்கறது" என்றான். பன்னிரண்டாவது வரை, நீட் பரீட்சை வரை, எல்லாம் நீங்கள் ஒரு தரம், அவன் இரண்டு தரம். அவன் ஒரு புத்தகத்தைத் தானாகத் திறந்து உட்கார்ந்ததே இல்லை.

பாசுரத்துக்கு அது சரி. அங்கே ஒரு எழுத்து மாறக் கூடாது, முதல் அடியை ஒருவர் எடுத்துக் கொடுத்தால் கோஷ்டி முழுக்கச் சேர்ந்துகொள்ளும், நாம் மறந்தாலும் பக்கத்தில் இருக்கிறவர் குரல் தூக்கிக்கொண்டு போகும். பரீட்சையில் பக்கத்தில் யாரும் இல்லை. நாளைக்கு மூச்சுத் திணறிக்கொண்டு ஒருத்தர் வந்தால் அவர் அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து திணற மாட்டார், மன்னி.

நிறுத்திவிடுங்கள். இன்றிலிருந்தே. ஆகஸ்ட்டில் மூன்றாவது இன்டர்னல். அதற்குள் அவன் தனியாகப் படிக்கப் பழகாவிட்டால் வருஷம் போய்விடும். உங்களிடம் இதைக் கேட்க எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

தங்கள்
மைத்ரேயி


ஸ்ரீரங்கம்,
ஏப்ரல் 1

மைத்ரேயிக்கு,

ஆசீர்வாதம். எல்லோரும் க்ஷேமம்.

உன் கடிதம் வந்தது. அவனை டாக்டர் சீட் வரை கொண்டுவந்து சேர்த்தது அந்தக் குரல்தான் என்பதை நீ எழுத மறந்துவிட்டாய். சமையலை முடித்துவிட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுநாள் பாடத்தை மத்தியானமே ஒரு தடவை வாசித்துப் பார்த்து, உச்சரிப்புத் தவறக் கூடாதே என்று போனில் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டுதான் சாயங்காலம் அவனுக்குச் சொல்கிறேன். அதைப் படியில் ஒளிந்து நின்று கேட்டிருக்கிறாய். ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்திருந்தால் இப்படிக் கடிதம் எழுத உனக்குக் கை வந்திருக்காது.

நீ வாத்தியார். உனக்குத்தான் தெரியும். நிறுத்திவிட்டேன்.

வத்ஸலா


திருச்சி,
மே 9

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். நீங்கள் நலமாக இருப்பதாக அண்ணா சொன்னான், ஸ்பீக்கரில்தான். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரி வலித்தது. வலித்தது என்று சொல்லாமல் மேலே எழுத முடியவில்லை. சொல்லிவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது இன்டர்னல் மார்க் வந்துவிட்டது. முதலில் வாங்கியதைவிடக் குறைவு. உங்களிடம் மறைக்க மாட்டேன். முன்பு பக்கம் பக்கமாகவாவது எழுதினான், இப்போது தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். புத்தகத்தைத் திறந்தால் எந்த இடத்தில் நிறுத்துவது, எப்போது பக்கத்தைப் புரட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. சாயங்காலமானால் அந்த மொட்டைமாடிப் படிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறான்.

பானுப்ரியா மார்க் ஏறியிருக்கிறது. பிராங்க்ளினும் தேறிவிட்டான். டிபார்ட்மென்ட் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "வகுப்பு நல்லாப் போகுது மேடம்" என்றார். ஊரார் பிள்ளைகளெல்லாம் ஏற, நம் பிள்ளையை மட்டும் நான் கீழே தள்ளிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. நின்றால் உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

மைத்ரேயி


திருச்சி,
ஜூன் 13

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். மே மாதக் கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரரைக் குறை சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். காவிரியில் தண்ணீர் வரப்போகிறது என்கிறார்கள். அங்கே உங்கள் பக்கத்துக் கிணறு எப்படி இருக்கிறது?

அச்யுத்தையும் பானுப்ரியாவையும் ஜோடி சேர்த்துவிட்டேன். பையன்கள் அதற்கும் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும். அவள் தமிழில் கேள்வி கேட்க வேண்டும், அவன் தமிழிலேயே பதில் சொல்ல வேண்டும். அப்புறம் அவள் அதை இங்கிலீஷில் எழுத, அவன் திருத்திக்கொடுக்க வேண்டும். அவள் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறாள், புத்தகத்து வாக்கியம் ஒன்றுகூட அவன் வாயிலிருந்து வரக் கூடாது. வந்தால் மேஜையைத் தட்டுகிறாள். "புக்கு சொல்றது எனக்கு வேணாம், எங்க அம்மாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்கிறாள். அவள் அம்மா காளியாயி கடலைக் கொல்லையில் வேலை செய்கிறவர். முதல் வாரம் முழுக்க மேஜைச் சத்தம்தான் கேட்டது.

முந்தாநாள் அவள் எதையோ கேட்டாள். அவன் உதடு அசையவில்லை. "தெரியலை, பாத்துட்டு வரேன்" என்றான். மன்னி, அவன் தெரியலை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போல இருந்தது. மறுநாள் பார்த்துவிட்டு வந்து சொன்னான், தன் வார்த்தையில், தடுமாறித் தடுமாறி, பாதி தப்பாக. ஆனால் அது அவனுடையது.

இது போதுமா, ஆகஸ்ட்டுக்குள் ஆகுமா என்று தெரியாது. சொல்லிவிட வேண்டும் என்று எழுதினேன்.

மைத்ரேயி


ஸ்ரீரங்கம்,
ஜூன் 22

அன்புள்ள மைத்ரேயிக்கு,

வத்ஸலா ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

உன் இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். உன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை எழுதியிருக்கக் கூடாது. அச்யுத் பிறந்தபோது எனக்கு ஜுரம் வந்து கிடந்த நாட்களில் அவனை ராப்பகலாக மடியில் வைத்திருந்தவள் நீ. கை எப்படி எழுதியது என்று தெரியவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே.

கோபம் மட்டும் போகவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

தினமும் சாயங்காலம் இப்போதும் போன் செய்கிறான். "சாப்டியா?" என்கிறேன். "சாப்டேன்" என்கிறான். "என்ன?" என்கிறேன். "சப்பாத்தி" என்கிறான். "அப்பா?" என்று கேட்கிறான். "கோயிலுக்குப் போயிருக்கார்" என்கிறேன். அப்புறம் இரண்டு பேரும் சும்மா இருக்கிறோம். பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கிறது. "வச்சுடட்டுமாம்மா?" என்கிறான். வைத்துவிடுகிறான். இத்தனை வருஷத்தில் பாடத்தைத் தவிர நாங்கள் வேறெதுவும் பேசியதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. மற்ற அம்மாக்கள் பிள்ளைகளிடம் என்ன பேசுகிறார்கள்? பக்கத்து ஆத்துப் பெண்ணைக் கேட்கலாம் என்றால் வெட்கமாக இருக்கிறது. உன்னைக் கேட்கிறேன்.

அவன் குரலுக்கு ஏங்கிப்போயிருக்கிறேன். பரீட்சை வரைக்கும் மட்டும் மறுபடி ஆரம்பிக்கட்டுமா என்று தினமும் தோன்றுகிறது. நேற்று அவனே, "ஒரு சாப்டர் மட்டும் சொல்றியாம்மா, பயமா இருக்கு" என்றான். புத்தகம் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "வேண்டாண்டா, நீயே பார்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். அவன் வருஷம் போனால் உன்னையும் மன்னிக்க மாட்டேன், என்னையும் மன்னிக்க மாட்டேன்.

நீ ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடு.

வத்ஸலா


திருச்சி,
ஆகஸ்ட் 26

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம், நமஸ்காரம், நமஸ்காரம். என் உடம்பு, மனசு, பிரஷர் எல்லாம் இன்று சௌக்கியம்.

அச்யுத் தேறிவிட்டான். மூன்று இன்டர்னலையும் கூட்டிப் பார்த்தால் மயிரிழையில்தான், ஆனால் தேறிவிட்டான். யுனிவர்சிட்டி பரீட்சை எழுதலாம். லிஸ்ட் ஒட்டியதும் போன் செய்தானாம், நீங்கள் சரி என்று சொல்லி வைத்துவிட்டீர்களாம். "அம்மாவுக்குச் சந்தோஷமா இல்லையான்னே தெரியலை அத்தை" என்றான். எனக்குத் தெரியும் என்றேன்.

வைவாவில், அதுதான் வாயால் கேட்கிற பரீட்சையில், அவனுக்கு வாய்த்தவர் பிலோமின்ராஜ் சார். நல்ல மனிதர், ஆனால் கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவருக்குத் தன் பெயரே மறந்துவிடும். நான் பக்கத்து மேஜையில் வேறு பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கண்ணெல்லாம் இந்த மேஜையில், காதெல்லாம் அந்த மேஜையில். முதல் கேள்வியே எங்கேயோ நட்டநடுவிலிருந்து வந்தது. ரத்தம் நிறையப் போய்விட்ட ஒருத்தருக்குக் கை கால் ஏன் சில்லிட்டுப் போகிறது? எனக்கு எதிரே இருந்த அஃபீஃபா என்ற பெண் பதில் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் இன்னும் அவளுக்கு அடுத்த கேள்வி கேட்கவில்லை. அப்புறம் அவன் குரல் கேட்டது. இருக்கிற கொஞ்ச ரத்தத்தை மூளைக்கும் இருதயத்துக்கும் மிச்சம் பிடிக்கத் தோலுக்குப் போகிற குழாய்களை உடம்பு சுருக்கிவிடுகிறது சார் என்று, உடைந்த இங்கிலீஷில். புத்தகத்தில் அப்படி ஒரு வாக்கியம் கிடையாது. "ம்" என்றார் பிலோமின்ராஜ். அவர் ம் என்று சொன்னால் அது மாலை மரியாதை மாதிரி.

பானுப்ரியாவும் தேறிவிட்டாள். அவளுக்கு நம் பிள்ளையைவிட நிறைய மார்க். ஜிலேபி வாங்கிவந்து வகுப்புக்குக் கொடுத்தாள்.

நீங்கள் ஜூனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. தெரியாததால்தான் எழுதவில்லை. மற்ற அம்மாக்கள் என்ன பேசுகிறார்கள் என்று நானும் ஹாஸ்டலில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பெரும்பாலும் ஒன்றும் இல்லை மன்னி, அந்தப் பெண்கள்தான் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறான். யுனிவர்சிட்டி பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பாடத்தை மட்டும் கேட்காதீர்கள்.

தங்கள்
மைத்ரேயி


ஸ்ரீரங்கம்,
செப்டம்பர் 1

அன்புள்ள மைத்ரேயிக்கு,

வத்ஸலா ஆசீர்வாதம். நேற்று அச்யுத் வந்துவிட்டுப் போனான். நீ எப்படி இருக்கிறாய்? எங்களைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அவன் தேறினதற்காகத் தாயார் சன்னிதியில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, அவனுக்குப் பிடித்த புளியோதரையும் தயிர்சாதமும் தளிகை பண்ணியிருந்தேன். இலை போட்டேன். "ஸ்பூன் இருக்காம்மா?" என்றான். லீவுக்கு வந்தபோதெல்லாம் இதையேதான் கேட்டான். ஹாஸ்டல் பழக்கம் என்று நினைத்து நானும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். நேற்றுப் பாடம் கேட்கக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய், எனக்குக் கேட்க வேறு ஒன்றும் இல்லை. அதனால், "புளியோதரையை யாராவது ஸ்பூனால சாப்பிடுவாளாடா? கையால சாப்பிடேன்" என்றேன்.

கையை இலைப் பக்கம் கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டான். அப்புறம் சொன்னான்.

காலேஜ் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர்களை உடல் அறுத்துப் படிக்கிற ஹாலுக்குக் கூட்டிப்போனார்களாம். அவன் மேஜைக்கு வந்தது ஒரு வயதான அம்மாவின் உடம்பு. முகத்தை மூடியிருந்தார்களாம். முதலில் கைதான் படிக்க வேண்டுமாம், அந்தக் கையை அவன்தான் பிடித்துக்கொள்ள வேண்டி வந்திருக்கிறது. "நகத்துல மருதாணி இருந்ததும்மா. பாதி வளர்ந்து, நுனியில மட்டும் செவப்பா. யாரோ ஆசையா வச்சு விட்டிருக்கா" என்றான். அன்று மெஸ்ஸில் சாதத்தைத் தன் கையால் தொட முடியவில்லையாம். அன்றிலிருந்துதான் ஸ்பூன். பல நாள் சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறான். படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்றுகூட இருந்ததாம். ரொம்ப நேரம் பேசினான், மைத்ரேயி. அவன் இவ்வளவு பேசுவான் என்று எனக்குத் தெரியாது. இலையில் சாதம் காய்ந்து போயிற்று. உன் அண்ணா வாசல் நிலையிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

"ஏண்டா என்கிட்ட சொல்லலை? தினம் சாயங்காலம் பேசிண்டுதானே இருந்தோம்?" என்றேன்.

"எப்போம்மா பேசினோம்?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துத்தான் கேட்டான்.

அவன் போன பிறகு ஞாபகப்படுத்திப் பார்த்தேன். நவராத்திரி முடிந்த வாரம் அது. அந்த முதல் நாள் சாயங்காலமும் சரியாகப் போன் வந்தது. கையின் தசைகள் என்ற அத்தியாயத்தை வாசித்தேன். கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக நான் ஒரு தரம் சொன்னேன், அவன் இரண்டு தரம் சொன்னான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. முடித்ததும், "நன்னா சொன்னேடா கண்ணா" என்று சொல்லிவிட்டு நான்தான் போனை வைத்தேன்.

வத்ஸலா